பேருந்துக்கு முந்தைய நானூறு மீட்டர்

சென்னையில் பேருந்து நிறுத்தத்துக்குள் யாரும் நிற்பதில்லை. நிழற்குடை ஓரிடத்தில் இருக்கும். பயணிகள் அதற்கு முன்னால் சாலையில் இறங்கி, கழுத்தை நீட்டி, வருகிற வண்டியின் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் விளம்பரப் பலகை மறைக்கும். மறைக்காவிட்டாலும் பயனில்லை. நிறுத்தத்துக்கு முன்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு கால் டாக்ஸி, நாலைந்து பைக் நிற்கும். டிரைவர் நினைத்தாலும் ஓரங்கட்ட முடியாது. சாலை நடுவிலேயே வண்டி நிற்கும். நாம் ஓட வேண்டும். ஓட முடிந்தவர்கள் ஏறிவிடுவார்கள்.

என் அம்மாவால் ஓட முடியாது. எழுபத்திரண்டு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கோயிலுக்குப் போகிற வழியில், நடைபாதையின் சிமென்ட் பலகை ஒன்று பெயர்ந்து கிடந்த இடத்தில் கால் இடறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவர் நடைபாதையில் ஏறவே இல்லை. இப்போது ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கும் ஆட்டோதான். போக நூறு, வர நூறு. இத்தனைக்கும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவைப் பொறுத்தவரை அந்தப் பேருந்து எங்கள் வீட்டிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி ஓடுகிறது. அந்த நானூறு மீட்டரைக் கடக்கத்தான் அவருக்கு வழியில்லை.

இந்த நகரத்தில் போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கோடிகளில் பேசுகிறார்கள், கிலோமீட்டர்களில் பேசுகிறார்கள். நான் இந்த நானூறு மீட்டரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஏனென்றால் பேருந்துப் பயணம் பேருந்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. அந்த முதல் நானூறு மீட்டரும் கடைசி நானூறு மீட்டரும் சரியில்லை என்றால் மனிதர்கள் பைக் வாங்குவார்கள். கொஞ்சம் கையில் காசு சேர்ந்தால் கார் வாங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னை உண்மையில் கார்களின் நகரமா? 2008-ல் செய்யப்பட்ட விரிவான போக்குவரத்து ஆய்வு வேறு கதை சொன்னது. நகரத்தில் நடக்கும் நூறு பயணங்களில் சுமார் 28 முழுக்க நடந்தே முடிந்தன. 26 பேருந்தில். 5 ரயிலில். 6 சைக்கிளில். இருசக்கர மோட்டார் வாகனத்தில் 25. காரில் நூற்றுக்கு ஆறு அளவுதான். அதற்குப் பிறகு வாகனங்கள் பெருகின என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. ஆனாலும் அந்தக் கணக்கை ஒரு முறை மனதில் போட்டுக்கொண்டு எந்தச் சாலையையாவது போய்ப் பாருங்கள். காரில் போகிறவருக்கு எவ்வளவு அகலம், நடக்கிறவருக்கு எவ்வளவு அகலம்? எண்ணிக்கையில் இது நடப்பவர்களின் நகரமாக இருந்தபோதே, இடத்தைப் பங்கு போட்டதில் கார்களின் நகரமாகிவிட்டது.

அண்ணா சாலையில் மூன்று அடுக்கு

இந்தப் பங்கீட்டைப் பார்க்க அண்ணா சாலையைவிட நல்ல இடம் இல்லை. மவுண்ட் ரோடு என்று அழைக்கப்பட்ட காலத்தில் இந்தச் சாலையில் டிராம் ஓடியது. மதராஸில் மின்சார டிராம் 1895-ல் வந்தது. இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடிய நகரம் இதுதான். 1953 ஏப்ரலில் அது நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1973-ல், அதே சாலையில் ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டது. நகரத்தின் முதல் மேம்பாலம். டிராம் போனதையும் மேம்பாலம் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊர் எந்தப் பக்கம் திரும்பியது என்பது புரியும்.

பிறகு திரும்பவும் மனம் மாறியது. 2018, 2019 ஆண்டுகளில் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. பல ஆண்டுகள் சாலையை அடைத்துத் தோண்டிய வேலை. நகரம் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், மேலே நெரிசல் குறையும் என்ற நம்பிக்கை. இப்போது தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை, அதே மெட்ரோ சுரங்கத்துக்கு மேலேயே, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு 621 கோடி ரூபாயில் நான்குவழி உயர்மட்டச் சாலை. 2024-ல் வேலை தொடங்கியது. கீழே ரயில், மேலே கார், நடுவில் பழைய சாலை. மூன்று அடுக்கு ஆகிவிட்டது. இந்த மூன்று அடுக்கிலும் குறுக்கே கடக்க நினைக்கிற ஒருவருக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை. தடுப்புகளைச் சுற்றிப் போகிற தூரம் மட்டும் கூடியிருக்கிறது.

உயர்மட்டச் சாலையின் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒரு சிக்னலில் சேர்கிற வண்டிகளை அடுத்த சிக்னலுக்கு வேகமாகக் கொண்டு சேர்க்கும். கொஞ்ச காலம் வழி காலியாகத் தெரியும். காலியாகத் தெரிவதாலேயே இதுவரை பேருந்திலும் ரயிலிலும் போனவர்கள் வண்டியை எடுப்பார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தடங்கள் வரை அகலப்படுத்தினார்கள். 2008-ல் வேலை முடிந்தது. சில ஆண்டுகளிலேயே மாலை நேர நெரிசல் மறுபடி கடுமையானது. நம்மிடம் அவ்வளவு நிலமும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை.

பிளாட்பாரம் எப்படிக் கெடுகிறது

நடைபாதையைச் சென்னையில் பிளாட்பாரம் என்போம். அது ஏன் நடக்க முடியாததாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் அலட்சியம் என்று சொல்லி நகர்ந்துவிட்டால் தீர்வு கிடைக்காது.

பல தெருக்களில் நாம் நடைபாதை என்று நினைத்து நடப்பது மழைநீர் வடிகாலின் மூடியின் மேல். வடிகாலின் ஆழத்தையும் சரிவையும் பார்த்து அதன் சுவர் எவ்வளவு உயரம் வருகிறதோ அதுதான் நடைபாதையின் உயரம். நடப்பவரின் முழங்காலை யாரும் அளக்கவில்லை. இந்தியச் சாலைகள் மன்றத்தின் வழிகாட்டு நெறி நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. குடியிருப்புப் பகுதியிலேகூட எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. இரண்டு பேர் சக்கர நாற்காலியில் எதிரெதிரே வந்தால் விலகிப் போகிற அகலம் அது. உங்கள் தெருவில் ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

வடிகாலைச் சுத்தம் செய்யப் பலகையைத் தூக்குகிறார்கள். திரும்ப வைக்கும்போது அது பழையபடி உட்காருவதில்லை. அடுத்து மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது. தொலைபேசி நிறுவனத்தின் பெட்டி, குடிநீர் வாரியத்தின் பள்ளம், காவல் துறையின் இரும்புத் தடுப்பு, கட்சிக் கொடிக்கம்பம், கோயில் உண்டியல். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் கார் ஏற ஒரு சரிவு கட்டுகிறார். பத்தடிக்கு ஒரு முறை நடைபாதை இறங்கி ஏறுகிறது. சாலையைப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டு போகிறார்கள். சாலை உயர, நடைபாதையையும் உயர்த்துகிறார்கள். கடைசியில் அதில் யாரும் ஏறுவதில்லை. யாரும் ஏறாததால் பைக் ஏறுகிறது.

இத்தனை துறைகளில் எந்த ஒன்றும் நடைபாதைக்குக் கேடு நினைக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. நடைபாதை என்பது மற்ற வேலைகள் முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற இடம் என்ற எண்ணம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது.

இதைச் சென்னை மாநகராட்சி புரிந்துகொண்ட ஆண்டு ஒன்று உண்டு. 2014. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை அந்த ஆண்டு மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் அதுவே முதல் என்று பாராட்டப்பட்டது. சாலைப் போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து பல பேருந்துச் சாலைகளில் நடைபாதைகள் அகலமாகின. அப்படிப் போட்ட சில சாலைகளில் இன்றும் நிம்மதியாக நடக்கிறேன். ஆனால் அந்தக் கொள்கையின் வேகம் தொடரவில்லை. மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவது செய்தி. உடைந்த பலகையை மாற்றுவது செய்தி அல்ல.

பாண்டி பஜாரின் பாடம்

அந்தக் கொள்கையின் முகமாக ஒரே ஒரு தெரு நிற்கிறது: தியாகராய நகரின் பாண்டி பஜார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தது ஏரி. ஏரியைத் தூர்த்து நீதிக்கட்சிக் காலத்தில் எழுந்த நகர் அது. பனகல் பூங்கா, தியாகராயர் சாலை என்று அந்தக் கட்சித் தலைவர்களின் பெயர்களே வழிகாட்டிகள். பாண்டி பஜார் என்பதும் சௌந்தரபாண்டியன் அங்காடியின் சுருக்கம்தான். சுயமரியாதை இயக்கத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் பெயர்.

2019 நவம்பரில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், அந்தத் தெரு நடப்பவர்களுக்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. வாகனத் தடத்தைக் குறுக்கி, இரு பக்கமும் நடைபாதையை விரித்தார்கள். மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றி இருக்கைகள் போட்டார்கள். கட்டுவதற்கு முன்பு தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சில நாட்கள் சோதித்தும் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால் வியாபாரிகள் பயப்படுவார்கள். வாசலில் கார் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் வர மாட்டார் என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் தெருவை இரண்டு நாள் நடப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் கூட்டம் எங்கே நிற்கிறது, எங்கே உட்காருகிறது, குழந்தைகள் எங்கே ஓடுகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த குடும்பங்கள், பைகளைக் காலடியில் வைத்துவிட்டுச் சோளம் தின்றுகொண்டிருந்தன. ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதுவும் வாங்காமல் உட்கார ஓர் இடம் இருப்பது இந்த நகரத்தில் எவ்வளவு அபூர்வம் என்பது அந்தப் பாட்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கடற்கரையையும் கோயிலையும் பூங்காவையும் விட்டால் அப்படிப்பட்ட இடங்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

குறைகளையும் பார்த்தேன். சில இடங்களில் கற்கள் பெயர்ந்திருந்தன. இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து ஒருவர் பைக்கை நடைபாதையிலேயே ஓட்டிப் போனார். தெருவில் கார் ஓடுவது நிற்கவும் இல்லை. ஆனால் எனக்குப் பெரிய குறை வேறு: பாண்டி பஜார் முடிகிற இடத்தில் நடைபாதையும் முடிந்துவிடுகிறது. பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினால் பழைய சென்னை. அழகான தீவு ஒன்று செய்திருக்கிறோம். தீவுக்கு மக்கள் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள். என் அம்மாவின் நானூறு மீட்டர் அந்தத் தீவில் இல்லை.

2023-ல் அதே தியாகராய நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஆகாய நடைபாதையும் படி ஏறுகிற நடைமேம்பாலமும் விதியாகிவிடக் கூடாது. வண்டிக்காரருக்கு அரை நிமிடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, மூட்டுவலிக்காரர் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க வேண்டும் என்பது என்ன நீதி? தரையிலேயே ஒரு சிக்னல், வெள்ளைக் கோடு, முதியவர் கடந்து முடிக்கிற அளவுக்கு நேரம். அதற்குச் செலவும் குறைவு.

வண்டி இல்லாத வண்டி நிலையம்

பேருந்துக்கு வருவோம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல. இரண்டு தெரு தள்ளி இருந்த வேலையை விட்டு, கூடுதல் சம்பளத்துக்கு நாலு நிறுத்தம் தள்ளிப் போக முடிகிறது. போக்குவரத்தில் இந்த மாநிலம் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது இதுவே என்று நினைக்கிறேன்.

ஆனால் வண்டி போதவில்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற பெருநகரத்தில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள். பெங்களூருவில் ஆறாயிரத்துக்கு மேல். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பூந்தமல்லிக்காரரும் மாதவரத்துக்காரரும் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? ஆனால் மெட்ரோ நிலையத்திலிருந்து இறங்கியவுடன் அடுத்த பேருந்து எங்கே, எப்போது என்பதற்கு விடை இல்லையென்றால் அவ்வளவு பணமும் பாதிப் பயணத்துக்குத்தான் உதவும்.

கிளாம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 30 அன்று பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை போகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் பையும் குழந்தையுமாக மக்கள் ஜி.எஸ்.டி. சாலையில் நின்றார்கள். ரயில் நிலையத்தையும் பேருந்து முனையத்தையும் ஒரே கட்டடமாகச் சேர்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்காகத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா. அதற்கான சட்டம் 2010-ல் வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். 2025 செப்டம்பரில் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதியைக் கும்டா கொண்டுவந்தது. டிக்கெட் இணைந்துவிட்டது. அடுத்து நிலையங்கள் இணைய வேண்டும்.

மிதிவண்டி யாருடையது

சைக்கிள் பாதை என்றவுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்கவசத்தோடு பறக்கிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் ஓட்டட்டும். ஆனால் தினமும் சைக்கிளில் போகிறவர்களை நகரம் பார்ப்பதே இல்லை. விடியற்காலையில் பால் போடுகிறவர், கேனில் டீ கொண்டுபோகிறவர், இரவுக் காவல் முடிந்து திரும்புகிற முதியவர், கட்டட வேலைக்குப் போகிற வடமாநிலத் தொழிலாளர். விளக்கு இல்லாத சைக்கிளில், லாரிக்குப் பக்கத்தில்.

இந்த மண்ணுக்குச் சைக்கிள் அந்நியமல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பேருந்துக்குக் காத்திருந்த, துணைக்கு ஆண் வர வேண்டியிருந்த பெண்களுக்கு அது விடுதலையாகவே இருந்தது. பிறகு அரசே பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கியது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று ஆரம்பித்து, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிற ஒரு மாநிலம், அதை ஓட்ட ஒரு மீட்டர் இடம் கொடுக்கவில்லை.

சைக்கிளுக்கு ஆம்ஸ்டர்டாமை உதாரணம் சொன்னால், அங்கே பரம்பரையாகவே அப்படி என்பார்கள். இல்லை. 1971-ல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். கார்களுக்காகத் தெருக்களை அகலப்படுத்திக்கொண்டிருந்த நாடு அது. பெற்றோர் தெருவில் இறங்கி மறித்தார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே அந்த இயக்கத்தின் பெயர். இன்று நாம் படங்களில் பார்க்கிற சைக்கிள் பாதைகள் அந்தக் கோபத்தில் பிறந்தவை.

நம்மிடம் எண்களுக்குக் குறைவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் வெறுமனே நடந்துபோனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். எலும்பு முறிவுகளோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம் நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றது.

மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் நீண்ட காலம் போராடிப் பெற்றது இன்னொன்றும் உண்டு. 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. படி கிடையாது. நிறுத்தத்தில் வந்து நின்றதும் ஒரு பக்கமாக உடலைத் தாழ்த்தும். கதவருகே பலகை விரியும். சக்கர நாற்காலி உருண்டு உள்ளே போகும். நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அந்தப் பலகை சரியான சரிவில் விழும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் அதைப் பார்த்தேன். நிழற்குடைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண், கல்லூரிப் பை மடியில். தாழ்தளப் பேருந்து வந்தது. நிறுத்தத்தின் முன் மூன்று பைக்குகள். டிரைவர் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பலகை எங்கே விழும் என்று எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பின்னால் ஹாரன் சத்தம். கண்டக்டர் இறங்கி வந்து, "யார் வண்டிங்க இது?" என்றார். பதில் இல்லை. டீக்கடையில் நின்ற இரண்டு பையன்கள் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். மூன்று பைக்கும் பூட்டியிருந்தன. பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தினார்கள். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி திருப்பி, நடைபாதையை ஒட்டிக் கொண்டுவந்தார். பேருந்து மூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு தாழ்ந்தது. அந்தப் பெண் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினார். அதே வழியில், கைப்பிடியைத் தொடக்கூடத் தேவையில்லாமல், காய்கறிப் பையோடு ஒரு பெரியவரும் ஏறினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த வண்டியின் தடம் எண்ணைச் சொன்னேன். "ஸ்டாப்பிங் வரைக்கும் எப்படிப்பா போறது?" என்று கேட்டார்.